மண்டபத்தைச் சாயங்காலம் திறந்து வையுங்கள்

யாங்கோனிலும் சிரியம், சௌதான், பெகு பக்கங்களிலும் உள்ள நம் கோயில்களின் தர்மகர்த்தாக்களுக்கும் நிர்வாக சபையினருக்கும் வணக்கம்.

உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். சிலர் என்னிடம் எட்டாம் வகுப்புக் கணக்குப் படித்தவர்கள். கும்பாபிஷேக மேடையில் சால்வையும் மாலையுமாக நிற்கும்போதுகூட என்னைக் கண்டால் கையைக் கட்டிக்கொண்டு, டீச்சரைக் கூப்பிடுகிற பர்மியச் சொல்லால் "சயாமா" என்கிறீர்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். தனித்தனியாகச் சொல்லிப் பார்த்தாயிற்று. "சபையில் வைக்கிறோம், சயாமா" என்ற பதில்தான் வருகிறது. சபையில் வைத்தது என்ன கதியாகும் என்று எனக்குத் தெரியும், நானும் சபைக் கூட்டங்களில் காப்பி குடித்தவள்தான். அதனால் ஊரறிய ஒரு மடல்.

கேட்பது ஒன்றே ஒன்று. தமிழ் வகுப்பை ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்துக்குள் அடைக்காதீர்கள். வார நாட்களில், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருகிற நேரத்திலிருந்து சாயரட்சை பூஜை முடியும்வரை கோயில் மண்டபத்தைத் திறந்து வையுங்கள். பாடம் நடந்தால் நடக்கட்டும், நடக்காத நாளில் சும்மா இருக்கட்டும். பிள்ளைகள் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதை எழுத வைத்தது ஒரு கோயில். பெயர் சொல்லப் போவதில்லை, சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரியும். போன மழைக்காலம்வரை அங்கே வாரத்தில் நாலைந்து நாள் சாயங்கால வகுப்பு நடந்தது. பிறகு மண்டபத்துக்கு வழவழவென்று தரைக்கல் பதித்தார்கள், ஏசி வைத்தார்கள், கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இன்றைய விலைவாசியில் விளக்கெண்ணெய்க்கும் ஜெனரேட்டர் டீசலுக்கும் பணம் வானத்திலிருந்தா விழும்? ஆனால் அடுத்த மாதமே சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள். வகுப்பு இனி ஞாயிறு காலை மட்டும். ஓடக் கூடாது, சத்தம் போடக் கூடாது, தின்பண்டம் கொண்டுவரக் கூடாது. வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் உடனே வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

அந்தக் கடைசி வரியைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. பிள்ளைகள் தானாகத் தமிழ் பேசுவதே வகுப்பு முடிந்து செருப்பைத் தேடுகிற அந்த நேரத்தில்தான்.

"வருஷா வருஷம் பேச்சுப் போட்டி வைக்கிறோமே, திருக்குறள் ஒப்புவித்தல் வைக்கிறோமே, பரிசு கொடுக்கிறோமே" என்பீர்கள். நானும் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். முன்வரிசை நாற்காலியை விட்டு எழுந்து ஒரு தடவை மேடைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். பாவாடை சட்டை போட்டு, கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, வரிசையில் நிற்கிற பெண் குழந்தையின் கையில் ஒரு தாள் இருக்கும். அதில் இருப்பது தமிழ் எழுத்து இல்லை. தமிழ்ப் பேச்சைப் பர்மிய எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்திருக்கிறாள். பர்மிய எழுத்தில் ர என்று எழுதினாலும் வாய் ய என்றுதான் படிக்கும், ரங்கூன் யாங்கோன் ஆனது அந்த வழியில்தான். ஆகவே மேடையில் மரம் மயமாகும், கரும்பு கயும்பாகும். நாம் கைதட்டுகிறோம், எவர்சில்வர் டம்ளர் பரிசு கொடுக்கிறோம். குழந்தை இறங்கி வந்து அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, பசிக்கிறது என்று பர்மிய மொழியில் சொல்கிறது. பசியைத் தமிழில் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு அதிகாரம் அதிகாரமாகக் குறள் ஏற்றி என்ன செய்யப் போகிறோம்?

எனக்குத் தமிழ் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிட்டு மேலே போகிறேன். கிழவி பழங்கதை பேசுகிறாள் என்று நினைக்காதீர்கள், கேட்பதற்குக் காரணம் அதில்தான் இருக்கிறது.

நான் 1953-ல் பிறந்தவள். ஃப்ரேசர் தெருவுக்கும் டல்ஹௌசி தெருவுக்கும் நடுவில் ஓடுகிற குறுக்குத் தெருக்களில் ஒன்றில் எங்கள் வீடு. இன்றைய பிள்ளைகளுக்கு அனோயத்தா சாலை, மகாபந்தூலா சாலை என்று சொன்னால்தான் புரியும். 1871-ல் நம் ஆட்கள் கட்டிய காளியம்மன் கோயில் மணி காற்று வாட்டத்துக்குக் கேட்கும். ஒரு பக்கம் சூரத்தி பஜார், இன்னொரு பக்கம் மொகல் தெரு. இருபத்தாறாம் தெருவில் யூதர்களின் ஜெபாலயம், நடந்து போகிற தூரத்தில் சோலியா முஸ்லிம்களின் பள்ளிவாசல், அந்தப் பக்கம் போனால் சீனாக்காரர் தெருக்கள். 1931 குடிக்கணக்கில் ரங்கூன் நகரத்து ஜனங்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு விழுந்து, லட்சக்கணக்கானவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே போனார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. எங்கள் அப்பத்தா போகவில்லை. "காலு வீங்கிக் கிடந்தேன், அதான் பொழச்சேன்" என்பாள். அத்தனை பேர் போன பிறகும் எங்கள் காலத்தில் அந்தத் தெருக்களில் தமிழ் நிறைந்துதான் கிடந்தது.

மூன்று மாடி, நாலு மாடி வீடுகள். செங்குத்தான மரப்படி. ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரை தொங்கும். கீழ்நுனியில் ஒரு இரும்புக் கவ்வி, மேல்நுனியில் ஒரு சின்ன மணி. பேப்பர் போடுகிறவன் பேப்பரைக் கவ்வியில் மாட்டிவிட்டுக் கயிற்றை இழுப்பான், மேலே மணி அடிக்கும். இன்றைக்கும் பழைய தெருக்களில் இது உண்டு. எங்கள் மூன்றாம் மாடி அத்தை கவ்வியோடு நிற்கமாட்டார், கயிற்றில் கூடையையே கட்டி இறக்குவார். கூடைக்குள் காசு. கீழே நிற்கிற பிள்ளைகளில் எவர் தலை தெரிகிறதோ அவரைப் பிடிப்பார். "அடியே, கால் வீசை சின்ன வெங்காயம், கறிவேப்பிலை ரெண்டு கொத்து. அவன் வாடினதைத் தள்ளிவிடுவான், ஏமாந்துட்டு வராதே. மிச்சத்தை எண்ணி வாங்கு. போன தடவை மாதிரி வழியில நின்னு வேடிக்கை பாத்தே, உங்க அப்பத்தாகிட்ட சொல்லிடுவேன்." அளவு, எண்ணிக்கை, எச்சரிக்கை, மிரட்டல் எல்லாம் ஒரே மூச்சில் மூன்றாம் மாடியிலிருந்து கொட்டும். மேலேயிருந்து கத்துவதைக் கீழேயிருந்து சரியாகக் காதில் வாங்கவில்லை என்றால் வெங்காயத்துக்குப் பதில் பூண்டு வரும், அப்புறம் அதற்கு ஒரு வசவு. எந்தப் பாடநூலில் இத்தனை இலக்கணம் இருக்கிறது, சொல்லுங்கள்.

வெயில் தாழ்ந்ததும் கரிக்கட்டியால் தெருவில் கோடு போடுவோம். நாங்கள் கிளித்தட்டு என்போம், பர்மியப் பிள்ளைகள் தொவ்சீதோ என்பார்கள். பேர்தான் வேறே, ஆட்டம் ஒன்றுதான். கோட்டில் காவல் நிற்கிறவன் தொட்டானா தொடவில்லையா, இதில்தான் மொத்தச் சண்டையும். அந்த வழக்கை ஜெயிக்கக் காலில் வேகம் மட்டும் இருந்தால் போதாது, வாயில் தமிழ் வேண்டும். சாட்சி கூப்பிட வேண்டும், காளியம்மா மேல் சத்தியம் பண்ண வேண்டும், எதிராளி நேற்றுச் செய்த அழிச்சாட்டியத்தை இன்றைக்கு எடுத்துக்காட்ட வேண்டும். தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருந்த சீனாக்காரரின் மகன் எங்கள் கூட்டாளி. அவனுக்கு வீட்டில் சீனம், கடையில் பர்மியம், தெருவில் தமிழ். அந்தத் தமிழும் எங்கள் தமிழ்தான். "தொடவே இல்லடா, பொய் சொன்னா கண்ணு அவிஞ்சு போயிடும்" என்று அவன் கையை நீட்டி ஆவேசமாகக் கத்துவதைக் கேட்டு, திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா உலக்கையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பக்கத்துத் தெருப் பையன்கள் எங்களைப் பார்த்து "கலா" என்று, இந்தியரை இளக்காரமாகச் சொல்கிற அந்தச் சொல்லைக் கத்தினால் முதலில் கல்லை எடுக்கிறவனும் அவன்தான். தன்னைச் சொல்லவில்லை என்பதே அவனுக்குத் தோன்றவில்லை.

அவனுக்கு யாரும் தமிழ் வகுப்பு எடுக்கவில்லை. ஆட்டத்தில் சேர வேண்டியிருந்தது, தமிழ் வந்துவிட்டது. நான் சொல்ல வந்ததில் முக்கால்வாசி இவ்வளவுதான்.

பள்ளிக்கூடமும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஒரு கடையின் மாடியில் நீளக் கூடம். ஒரே கூடத்தில் நாலு வகுப்பு, நடுவில் தடுப்புக்கூடக் கிடையாது. ஒரு மூலையில் ஆத்திசூடி, ஒரு மூலையில் பெருக்கல் வாய்பாடு. வாத்தியார் மன்னார்குடிப் பக்கத்துக்காரர். பிரம்பைக் கையில் வைத்திருப்பார், அடித்து நான் பார்த்ததில்லை, அதை முதுகு சொறியத்தான் வைத்திருந்தார். அரை, கால், அரைக்கால், வீசம் என்று பின்னக் கணக்கெல்லாம் அவரிடம்தான் பாடம். கடைக் கணக்கெழுதப் போகிற பையன்களுக்கு வேண்டும் என்று சொல்லி, போகாத எங்களுக்கும் சேர்த்துப் புகட்டினார். அரசுப் பள்ளியில் பச்சை லுங்கியும் வெள்ளைச் சட்டையுமாக நின்று ஆயுசில் பெரும்பகுதி பர்மிய மொழியில் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கை கரும்பலகையில் பர்மிய எண்ணை எழுதும், உதட்டுக்குள்ளே "ஏழெட்டு அம்பத்தாறு" ஓடும். என்னிடம் படித்த பர்மியப் பிள்ளைகள் சயாமா ஏதோ மந்திரம் சொல்லிக்கொண்டுதான் பெருக்குகிறாள் என்று பேசிக்கொள்வார்களாம்.

1962 மார்ச்சில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தது எங்கள் தெருவுக்கு உடனே உறைக்கவில்லை. 1964-ல் உறைத்தது. மார்ச் மாதம் கடை கடையாக வந்து சரக்கைக் கணக்கெடுத்து, மக்கள் கடை என்று எண் போட்ட பலகையை மாட்டினார்கள். மே 17-ஆம் தேதி ஐம்பது சாட், நூறு சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. அப்பா மொகல் தெருவில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். முதலாளி காரைக்குடிக்குப் போனார், கடைக்குப் பட்டாளத்து ஆள் வந்து உட்கார்ந்தான், அப்பாவின் கணக்குப் புத்தகத்தைப் படிக்க அங்கே ஆள் இல்லை. அதற்கப்புறம் கப்பல் கப்பலாகச் சனம் கிளம்பியது.

என்னோடு ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவள் ஒருத்தி கிளம்பின அன்றைக்குக் காலையில் வந்தாள். நகைநட்டைத் துறைமுகத்தில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அவள் அம்மா முந்தின ராத்திரியே தோட்டைக் கழற்றிவிட்டிருந்தாள். துளை தூர்ந்துவிடக் கூடாது என்று இரண்டு காதிலும் விளக்குமாற்று ஈர்க்கை ஒடித்துச் செருகியிருந்தது. போகிற துயரம் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஈர்க்கு உறுத்துகிறது என்று அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளைப் போலப் போனவர்களில் பல பேர் வியாசர்பாடியிலும் மற்றப் பர்மா காலனிகளிலும் குடியேறினார்கள். 1969-ல் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் முளைத்தது. அத்தோவும் மொஹிங்காவும் அங்கே தெருக்கடையில் கிடைக்கிறது. இங்கேயிருந்து கொண்டுபோன சாப்பாட்டை அவர்கள் அங்கே அரை நூற்றாண்டாகக் காப்பாற்றுகிறார்கள். வகுப்பு நடத்தி அல்ல, தினமும் சாயங்காலம் தெருவில் அடுப்பு மூட்டி.

எங்கள் கூடத்தில் வாத்தியார் வருகைப் பதிவு கூப்பிடுகையில் பதில் வராத பேர்கள் கூடிக்கொண்டே போயின. அவர் அந்தப் பேர்களைக் கோடு போட்டு அடித்துவிடவில்லை. கூப்பிடுவார், கொஞ்சம் நிறுத்துவார், அடுத்ததற்குப் போவார். கடைசியில் அவரும் போனார். 1965, 66-ல் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டது. செயின்ட் பால்ஸ் மாதிரிப் பெரிய பள்ளியே போத்தத்தாவ் ஆறாம் நம்பர் ஆயிற்று. எங்கள் மாடிப் பள்ளிக்கூடத்துக்கு நம்பர்கூடக் கிடைக்கவில்லை, பூட்டிவிட்டார்கள். நான் அரசுப் பள்ளிக்குப் போனேன். அங்கே சயாமா என் பேரைக் கேட்டு, இரண்டு தடவை சொல்லிப் பார்த்து, வாயில் நுழையாமல், வேறே பேர் வைத்தார். கணக்கில் முதல் மார்க் வாங்கியதும் அந்தப் பேரிலேயே செல்லமும் கொடுத்தார். அவரிடம் எனக்கு வருத்தம் கிடையாது, நான் கணக்கு ஆசிரியையாக ஆனதே அவரைப் பார்த்துத்தான்.

இப்போது நீங்கள் யோசிக்க வேண்டிய இடம். பள்ளிக்கூடம் போயிற்று, தமிழ்ப் பத்திரிகைகள் நின்றன, இந்தியாவிலிருந்து புத்தகம் வருவது அபூர்வமாயிற்று. அப்படியும் எங்கள் வயதுக்காரர்கள் தமிழை விடவில்லை. எப்படி? தெருவில் மிச்சமிருந்த சனம் சாயங்காலமானால் கோயில் பிராகாரத்தில் கூடியது. பெரியவர்கள் அரட்டை அடித்தார்கள், பூக்கட்டுகிற பாட்டி யார் வீட்டுச் சேதியானாலும் சொன்னாள், நாங்கள் தூணுக்குத் தூண் ஓடினோம். பண்டாரம் துரத்துவார், மறுபடியும் ஓடுவோம். யாராவது ஒரு பெரிய அண்ணன் தரையில் சாக்குக் கட்டியால் எழுத்துப் போட்டுக் காட்டுவான். அன்றைய தர்மகர்த்தாக்கள் பெரிய படிப்பாளிகள் இல்லை. தமிழ் வளர்ச்சி பற்றி ஒரு தீர்மானமும் போட்டதாக எனக்கு நினைவில்லை. சுண்டல் கொடுத்தார்கள், கதவைப் பூட்டவில்லை.

அதற்குப் பிறகு வந்த காலத்தை விரிக்க வேண்டாம், உங்களில் பலர் அதில் வளர்ந்தவர்கள். 1982 குடியுரிமைச் சட்டம் வந்து இளஞ்சிவப்பு அட்டை, நீல அட்டை, பச்சை அட்டை என்று ஆளைத் தரம் பிரித்தபோது, தாய் தகப்பன் செய்ததைத்தான் செய்தார்கள். பர்மியப் பேர் வைத்தார்கள், வீட்டிலும் பர்மியமே பேசினார்கள், பிள்ளையின் பேச்சில் இந்திய வாடை தட்டக் கூடாது என்று பயந்தார்கள். லவக்க என்கிற குடிவரவு அலுவலகத்துப் பெஞ்சில் அட்டைக்காகக் காத்துக் கிடந்தவர்களுக்குத்தான் அந்தப் பயம் தெரியும், அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. நகரத்து வாடகை ஏற ஏற, நம் குடும்பங்கள் டகோன் புதுநகரம், லைங்தாயா என்று ஆளுக்கொரு திசையில் சிதறின. இன்றைக்கு ஒரு தமிழ்க் குழந்தைக்குப் பக்கத்து வீட்டில் இன்னொரு தமிழ்க் குழந்தை இருப்பதே அபூர்வம். 2014 தேசியக் கல்விச் சட்டம் இனமொழிகளைப் பள்ளியில் சொல்லிக்கொடுக்க இடம் விட்டது. ஆனால் அரசு ஏற்றுக்கொண்ட 135 இனங்களின் பட்டியலில் நாம் இல்லை, ஆகவே அங்கேயிருந்து ஒன்றும் வரப்போவதில்லை. நம் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்கிற இடம் என்று இந்த ஊரில் மிச்சமிருப்பது உங்கள் கையில் சாவி இருக்கிற மண்டபங்கள்தான்.

"பிள்ளைகள் வருவதில்லையே சயாமா, டியூஷனுக்குப் போய்விடுகிறார்களே" என்று ஒருவர் சொன்னார். சரியான பேச்சு. பள்ளி இறுதித் தேர்வில் தேறாவிட்டால் இந்த நாட்டில் எதுவும் இல்லை, டியூஷன் இல்லாமல் தேறுவதும் கஷ்டம், சம்பளத்தில் பாதியை அதற்கே கொட்டுகிற வீடுகள் எனக்குத் தெரியும். அப்படியானால் டியூஷனை மண்டபத்துக்குள் கொண்டுவாருங்கள். வீட்டுப்பாடத்தைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் வரட்டும். கணக்கு, அறிவியல், பர்மியப் பாடம்கூட அங்கே உட்கார்ந்து எழுதட்டும். கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன். என்னைப் போல ஓய்வுபெற்ற ஆசிரியைகள் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்கிறார்கள், வீட்டில் சீரியல் பார்த்துக்கொண்டு. கேட்டால் வருவார்கள். பர்மியப் புத்தகத்தில் உள்ள கணக்கைத் தமிழில் விளக்கிச் சொல்வோம், புரியாத இடத்தில் பர்மியத்தில் சொல்வோம். பர்மியம் பேசினால் அபராதம் என்று ஒரு கோயிலில் உண்டியல் வைத்திருந்தார்களே, அந்தக் கூத்தெல்லாம் வேண்டாம். வாயைத் திறந்தால் காசு போகும் என்றால் பிள்ளை வாயையே திறக்காது.

இன்னொன்றும் இருக்கிறது, இது உங்களுக்கே தோன்றியிருக்கும். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத ஊரில், சாயங்காலம் வெளிச்சமும் காற்றாடியும் ஓடுகிற இடம் கோயில். பூஜைக்கு ஜெனரேட்டர் போடுகிற நேரத்தில் மண்டபத்து விளக்கு இரண்டையும் சேர்த்துப் போட்டால், மெழுகுவத்தியில் கண்ணைக் கெடுத்துக்கொள்கிற பிள்ளைகள் தானாக வந்து சேர்வார்கள். அவர்களை அனுப்பி வையுங்கள் என்று நீங்கள் வீடு வீடாகப் போக வேண்டியதில்லை.

வீட்டுப்பாடம் முடிந்தால் ஓடட்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். தரைக்கல் வழுக்கும் என்றால் வெளி முற்றத்தில் ஓடட்டும். கோடு போட்டு ஆடட்டும், சண்டை போடட்டும். பெரிய பிள்ளைகளில் தமிழ் பேசத் தெரிந்த நாலு பேர் இருந்தால் போதும், சண்டை தமிழில்தான் நடக்கும்.

எழுத்து எப்போது என்று கேட்பீர்கள். பேச்சு வாயில் நின்ற பிறகு எழுத்துக்கு அவ்வளவு நாள் ஆகாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடநூல்கள் சென்னையிலிருந்து இலவசமாகவே கிடைக்கின்றன, போனில் இறக்கி அச்செடுத்தால் ஆயிற்று. அது கிடக்கட்டும், நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். பிரசாதம் கொடுக்கிற இடத்தில் ஒரு நோட்டை வையுங்கள். தன் பேரைத் தமிழில் எழுதுகிற பிள்ளைக்கு முதல் தொன்னை. எழுதத் தெரியாதவனும் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் வரிசையில் கடைசி. சுண்டலுக்காக என் காலத்துப் பையன்கள் எழுதாத எழுத்தா?

பர்மியப் பிள்ளைகளும் கூட வந்துவிடுவார்களே என்று ஒருவர் தயங்கினார். வரட்டுமே. சீனாக்காரர் மகன் ஆட்டத்தில் சேர்ந்ததால் எங்கள் தெருவில் தமிழ் கூடியதே தவிரக் குறையவில்லை. பீலிக்கான் கோயில் தீமிதிக்கு வேண்டுதல் வைத்து வருகிற பர்மியர்களை நாம் தடுக்கிறோமா?

செலவு என்று பார்த்தால் இரண்டு விளக்கு, குடிதண்ணீர், எப்படியும் செய்கிற சுண்டலில் இன்னும் ஒரு படி கடலை. கல்யாணத்துக்கு மண்டபம் போகிற நாளில் பிள்ளைகள் பிராகாரத்தில் உட்காரட்டும், பந்தியில் சாப்பிட்டுவிட்டும் போகட்டும், எந்தக் கல்யாண வீட்டார் வேண்டாம் என்பார்கள்? பிள்ளைகள் கூடுகிற இடம் என்பதால் வார்டு அலுவலகத்தில் சொல்லிவைக்க வேண்டியதை முன்னாலேயே சொல்லிவைத்துவிடுங்கள். இருட்டுவதற்குள் வீட்டுக்கு அனுப்ப வேண்டிய நாட்களில் முன்னதாகவே முடித்துக்கொள்ளலாம். நாட்டு நிலைமையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. 2020-ல் நோய்க்காகப் பள்ளி மூடியதிலிருந்து இந்தப் பிள்ளைகள் பட்டது உங்களுக்கே தெரியும். வகுப்பெடுத்துக்கொண்டிருந்த வாலிபப் பிள்ளைகளில் பலர் இப்போது தாய்லாந்திலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். அவர்கள் திரும்பி வரட்டும் என்று காத்திருந்தால், இப்போது ஆறு வயதாக இருக்கிறவர்களுக்குத் தமிழ் பிடிக்கிற வயது போய்விடும். அதனால்தான் கிழங்களை வைத்தாவது தொடங்குவோம் என்கிறேன்.

ஜூன் பிறந்தால் பள்ளி திறந்துவிடும். அதற்கு முன்னால் தண்ணீர்த் திருவிழாவும் சித்திரைப் பிறப்பும் வருகின்றன, அந்தப் பத்து நாள் யாரையும் பிடிக்க முடியாது. ஆகவே பங்குனி முடிவதற்குள் ஒவ்வொரு கோயில் சபையும் கூடி, ஆம் அல்லது இல்லை என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். இல்லை என்றால் அதையும் நேராகச் சொல்லுங்கள், மனது கஷ்டப்படமாட்டேன், வேறே கோயிலுக்குப் போவேன். ஆம் என்கிற முதல் கோயிலுக்கு என் வீட்டிலுள்ள நீள மேசை இரண்டையும் கரும்பலகையையும் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்சாவில் ஏற்றி அனுப்பிவிடுகிறேன், சாக்குக் கட்டி மட்டும் நீங்கள் வாங்கி வைத்தால் போதும். சாவி யாரிடம் இருப்பது என்று சபைக்குள் வழக்குத் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: செயலாளரிடமும் வேண்டாம், பொருளாளரிடமும் வேண்டாம். பூக்கட்டுகிற அம்மாவிடம் கொடுங்கள், நாலு மணிக்கு முதல் ஆளாக வருகிறவர் அவர்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை ஒருத்தி,
யாங்கோன்